கல்லூரி 5 லட்சம் தருகிறது, 9 சதவீதம் பங்கு கேட்கிறது: வாங்கலாமா?

கேள்வி: சார், கோவையில் டெக்ஸ்டைல் டெக்னாலஜி முடித்து ஒரு வருடம் ஆகப்போகிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகள் ஒதுக்கும் வெட்டுத் துணியில், எங்கள் ஊர் மகளிர் குழுவோடு சேர்ந்து பைகள், மிதியடிகள் செய்து விற்க ஆசை. கல்லூரியின் இன்குபேஷன் சென்டர் (புதுத் தொழில்களை வளர்த்துவிடும் மையம்) இடமும் 5 லட்சமும் தருகிறோம், கம்பெனியில் 9 சதவீதம் பங்கு கொடு என்கிறது. இப்போதைக்கு ஃப்ரீலான்ஸ் டிசைன் வேலையில் மாதம் 18,000 முதல் 25,000 வரை வருகிறது. கையில் 1.2 லட்சம், கல்விக்கடன் 3.6 லட்சம், இஎம்ஐ சீக்கிரம் ஆரம்பிக்கும். சமூக நோக்கம் என்பதால் செக்‌ஷன் 8 கம்பெனி (லாப நோக்கம் இல்லாத கம்பெனி) தொடங்கச் சொல்கிறார் நண்பர், வேலைக்குப் போ என்கிறார் அப்பா. என்ன செய்ய? - வாசகி, பல்லடம்

பதில்: முதலில் பேங்க்குக்குப் போங்கள், கல்லூரிக்கு அப்புறம் போகலாம்.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. படிப்பு முடிந்து ஸ்டார்ட்அப் தொடங்குகிறவருக்கு இன்குபேஷன் காலத்துக்கும் தவணை விடுப்பு தரலாம் என்கிறது அது. "தரலாம்" என்றுதான் இருக்கிறது, கட்டாயம் இல்லை, அதனால் இன்குபேஷன் சென்டரின் கடிதத்தோடு எழுத்தில் கேளுங்கள். ஆனால் தவணை நின்றாலும் வட்டி நிற்காது. 10 சதவீதம் வட்டி என்று வைத்தால் மாதம் 3,000 ஏறிக்கொண்டே போகும், 10 வருடத்தில் அடைப்பதாக இருந்தால் முழு இஎம்ஐயே சுமார் 4,750தான். வீட்டில் இருந்துகொண்டு 18,000 சம்பாதிக்கிறவருக்கு இது கட்ட முடியாத தொகை இல்லை, எனவே விடுப்புக் கிடைத்தாலும் வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவிடுங்கள். பெரும்பாலும் இந்தக் கடனில் அப்பா இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருப்பார், நீங்கள் தவறவிட்டால் சிபில் ஸ்கோர் அடிவாங்குவது உங்களுக்கு மட்டும் இல்லை. அவர் வேலைக்குப் போ என்பதில் பாதிப் பயம் இதுவாகக்கூட இருக்கலாம்.

இனி அந்த 9 சதவீதம். கல்லூரிகளுக்காக மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு எடுக்கலாம் என்கிறது, ஆக அவர்கள் கேட்பது வரம்புக்குள்தான். ஆனால் வழக்கமாக இதைவிட மிகக் குறைவாகவே எடுக்க வேண்டும், கல்லூரியின் பெயர், பேராசிரியர் உழைப்பு, காப்புரிமை எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்றும் அதே கொள்கை சொல்கிறது. வெட்டுத் துணியில் பை தைக்க எந்தப் பேராசிரியரின் காப்புரிமை வேண்டும்? உச்சவரம்பை ஒட்டிக் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பங்கு கட்டாயம் என்றாலும் முதல் 3 மாதம் வாடகை கொடுத்து வசதிகளைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு முடிவெடுக்க இடம் உண்டு, முதல் நாளே பங்கு எழுதித் தரச் சொல்லக் கூடாது. இதைக் கேளுங்கள், பிறகு 3 சதவீதத்திலிருந்து பேரத்தைத் தொடங்குங்கள். 5 லட்சமும் ஒரே தடவையில் வருமா, தவணைகளில் வருமா, எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். இப்படி வரும் பணம் பொதுவாகப் பொருள் செய்து பார்க்கவும் சந்தைக்குக் கொண்டுபோகவும்தான், அதிலிருந்து உங்கள் இஎம்ஐயும் ரீசார்ஜும் போகும் என்று கணக்குப் போடாதீர்கள். கிளையண்ட் வேலையைக் கல்லூரிக் கம்ப்யூட்டரில் செய்யவும் வேண்டாம், அவர்கள் வளத்தில் உருவானதில் அவர்களும் உரிமை கோரலாம்.

செக்‌ஷன் 8? இப்போது வேண்டாம். அதில் லாபத்தை டிவிடெண்டாகப் பிரிக்கவே முடியாது, பிறகு கல்லூரி 9 சதவீதத்தை வைத்து என்ன செய்யும்? நண்பர், பெரிய கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவழிக்கும் சிஎஸ்ஆர் பணத்தை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். ஒரு கம்பெனி தன் சிஎஸ்ஆர் வேலையை வெளியார் அமைப்பிடம் கொடுக்க வேண்டும் என்றால் அந்த அமைப்புக்கு 12ஏ, 80ஜி என்கிற வருமான வரிச் சலுகைப் பதிவுகளோடு 3 ஆண்டு அனுபவமும் தேவை, நேற்றுத் தொடங்கியதற்கு அந்தக் கதவு திறக்காது. கல்லூரிப் பணம் உறுதியானால் மட்டும் பிரைவேட் லிமிடெட். அதற்கு விற்பனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருடாவருடம் ஆடிட் உண்டு, ஆண்டுப் படிவங்கள் தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 100 ரூபாய். எதுவும் விற்காத கம்பெனியை ஆசைக்குப் பதிவு செய்துவிட்டு ஆடிட்டருக்கும் அபராதத்துக்கும் அழுகிறவர்கள் என்னிடம் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

பணம் உறுதியாகும்வரை உங்கள் பெயரிலேயே தனி உரிமையாளராக நடத்துங்கள். உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு இலவசம், யாராவது கட்டணம் கேட்டால் அது போலித் தளம். டிசைன் வருமானமும் பொருள் விற்பனையும் சேர்ந்து ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி கவலையும் இல்லை. உங்கள் வருமானத்துக்கு வரியே வராது, அதனால் டிசைன் வேலைக்குக் கிளையண்டுகள் டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வரி) பிடித்திருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்குங்கள். நாளைக்குத் தொழில் கடன் கேட்கும்போது பேங்க் முதலில் கேட்பதும் அந்த ரிட்டர்னைத்தான். ஃப்ரீலான்ஸுக்கும் பைத் தொழிலுக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று உங்களுக்கே தெரியாது.

கையில் இருக்கும் 1.2 லட்சத்தில் 80,000-ஐத் தொடாதீர்கள். மீதி 40,000-இல் முதல் சரக்கு. தையல் மெஷினெல்லாம் நீங்கள் வாங்க வேண்டாம், மகளிர் குழுவுக்கே வங்கிக் கடன் கிடைக்கும், அவர்கள் வாங்கட்டும், நீங்கள் பீஸுக்கு இவ்வளவு என்று கூலி கொடுங்கள். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' வந்த பிறகு துணிப்பை தைக்காத குழுவே இல்லை என்கிற நிலை, விலையில் அவர்களோடு மோதினால் கூலி கூட மிஞ்சாது. மிதியடியை முன்னால் வையுங்கள். கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் நேரில் போய், முன்பணத்தோடு ஆர்டர் வருகிறதா என்று பாருங்கள். கடனுக்குக் கொடு, விற்றதும் தருகிறேன் என்பதை ஆர்டராக எண்ணாதீர்கள்.

ஆறு மாதத்தில் அப்படி இரண்டு மூன்று ஆர்டர் கூட வரவில்லை என்றால் வேலைக்குப் போங்கள், ஃப்ரீலான்ஸை மாலையில் தொடரலாம். வந்துவிட்டால் அந்த பில்களை எடுத்துக்கொண்டு இன்குபேஷன் சென்டருக்குப் போங்கள், 9 சதவீதம் என்று சொன்னவர்கள் அப்போது எவ்வளவு கேட்கிறார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.