காரியவாதமா பிராக்மடிசம்?

கேள்வி: 'பிராக்மடிசம்' என்றால் காரியம் ஆனால் போதும் என்பதுதானே? அதில் வாழ்க்கைக்கு அர்த்தம் எங்கே?

பதில்: காரியவாதம் வேறு, பிராக்மடிசம் என்ற இந்தத் தத்துவம் வேறு. ஒரு நம்பிக்கையை ஏற்றால் நடத்தையில் என்ன மாறும் என்பதே இதன் உரைகல். மனிதனுக்குச் சுயவிருப்பம், அதாவது தன் செயலைத் தானே தேர்ந்தெடுக்கும் சுதந்திரம், உண்டா என்ற சந்தேகம் அரித்து, 28 வயதில் சோர்ந்து கிடந்தார் இந்தத் தத்துவத்தை வளர்த்த அமெரிக்கச் சிந்தனையாளர் வில்லியம் ஜேம்ஸ். 1870 ஏப்ரல் 30 நாட்குறிப்பில், அடுத்த ஆண்டு வரை அது உண்டென்றே கொள்வதாக எழுதினார். அந்தக் கெடுவைக் கவனியுங்கள்; பலரும் கோட்டை விடுவது அங்கேதான். நீங்களும் ஒரே ஒரு நம்பிக்கையை எடுங்கள். அதற்கான அன்றாடச் செயல் ஒன்றையும், எதைக் கண்டால் கைவிடுவீர்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதுங்கள். மூன்று மாதம் போதும். மனதுக்கு இதமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். ஏற்கெனவே தெரிந்த உண்மைகளோடு முட்டுகிறதா என்றும் பார்க்கச் சொன்னவர் ஜேம்ஸ்.