வெள்ளம் புகுந்த வீட்டுக்குப் பொங்கலுக்குள் பெயின்ட் அடிக்கலாமா?

கேள்வி: ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் வீட்டுக்குள் முட்டியளவு தண்ணீர் வந்துவிட்டது. சேற்றை வாரி, பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டோம். மூன்று வாரமாகியும் நாற்றம் போகவில்லை. சுவரின் அடிப்பகுதி கருத்திருக்கிறது. பொங்கலுக்குள் பட்டி பார்த்து பெயின்ட் அடித்துவிடலாமா?
- வாசகர், ஊத்தங்கரை

பதில்: வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் உங்கள் ஊரில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. அவ்வளவு தண்ணீரில் ஊறிய செங்கல் சுவர் மூன்று வாரத்தில் காயாது. வெள்ளம் முட்டியளவுதான் நின்றிருந்தாலும் ஈரம் அதற்கு மேலேயும் ஏறியிருக்கும். இப்போது எமல்ஷன் அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கோடைக்குள் பெயின்ட் உப்பி உரியும்.

சுவர் காய்ந்ததா என்று பார்க்க, ஒரு முழம் பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்து உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. ஏற்கெனவே உப்பியிருக்கும் பெயின்டையும் பட்டியையும் சுரண்டி எடுத்துவிட்டால் சுவர் சீக்கிரம் காயும். பீரோ, கட்டிலைச் சுவரை விட்டு ஓரடி தள்ளிப் போடுங்கள். மார்கழிப் பனி இருப்பதால் வெயில் ஏறிய பிறகு ஜன்னல்களைத் திறந்து, சாயங்காலம் மூடிவிடுங்கள். ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தால் பனி ஈரம்தான் உள்ளே வரும்.

சுவரடியில் தெரியும் கருப்பு பூஞ்சணம்தான். அதை உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், தூள் பறந்து மூச்சுக்குள் போகும். மாஸ்க், கையுறை போட்டு, சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடையுங்கள். தரைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரைத் தெளித்துப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். சேறு ஒட்டியிருக்கும் இடத்தில் பிளீச்சிங் வேலை செய்யாது. பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு நெஞ்சை அடைக்கும்.

நாற்றம் போகாததற்கு மெத்தை, பிளைவுட் அலமாரியும் காரணமாக இருக்கலாம். ஊறிய பஞ்சு மெத்தையைத் தூக்கிப் போடத்தான் வேண்டும், மனசு வராதுதான். நனைந்த கேழ்வரகு மூட்டையும் அப்படித்தான், காய வைத்து அரைக்காதீர்கள். போடும் முன் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிவாரணத்துக்கோ இன்சூரன்சுக்கோ உதவும்.

தாழ்வாக இருக்கும் பிளக் பாயின்ட்களை எலக்ட்ரீசியன் திறந்து பார்க்கும்வரை அந்த லைனை அணைத்தே வையுங்கள். பெட்டிக்குள் சேறு தங்கியிருக்கும்.

பண்டிகைக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டுமென்றால், பழைய பெயின்டைச் சுரண்டிய இடத்தில் ஒரு பூச்சு சுண்ணாம்பு அடியுங்கள். ஈரம் அதன் வழியே வெளியேறும். பட்டியும் எமல்ஷனும் பங்குனிக்கு மேல்.