எஞ்சினுக்கு அடியில் தேங்கும் தண்ணீர்

57 அடி நாரோபோட் (கால்வாயில் ஓடும் ஒடுங்கிய நீளப் படகு) வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது, பின்பக்கம் எஞ்சின் அடியில் தினமும் தண்ணீர் சேர்கிறது, சோலாருக்கு வைத்த பணத்தை இதற்கே செலவழிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக வேண்டியிருக்காது.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். துடைத்துவிட்டு, புரொப்பல்லர் தண்டு வெளியே போகும் இடத்தில், தண்டைச் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைக்கும் ஸ்டெர்ன் கிளாண்டுக்குக் கீழே, ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவை வையுங்கள். டப்பா நிறைந்தால் கிளாண்ட்தான். டப்பா காய்ந்து தரை நனைந்தால், மழையோ, வீட் ஹேட்ச் (புரொப்பல்லரில் சிக்கும் களையை எடுக்க வைத்த திறப்பு) மூடியோ காரணம். அந்த மூடியை அலட்சியம் செய்யாதீர்கள். சரியாக உட்காராவிட்டால் புரொப்பல்லர் உள்ளே தண்ணீரை அடித்து ஏற்றிவிடும், படகு மூழ்குவதே உண்டு.

கிளாண்ட் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஓடும்போது சில சொட்டு விழுவது இயல்பு, நின்றதும் நிற்க வேண்டும். தினமும் படகைக் கட்டியதும் கிளாண்டுக்குள் கிரீஸ் தள்ளும் பித்தளை கிரீஸரின் கைப்பிடியைக் கை இறுகும்வரை திருகுங்கள். நான் முதல் வருடம் அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன்! அப்படியும் நிற்காவிட்டால், எஞ்சினை அணைத்துவிட்டு, கிளாண்டின் இரண்டு நட்டையும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அப்புறம் சிறிது நேரம் ஓட்டி, அணைத்தபின் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடென்றால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள். இறுக்க இடமே இல்லையென்றால் உள்ளே இருக்கும் பேக்கிங் கயிற்றை மாற்ற வேண்டும். முதல் தடவை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

எண்ணெய் கலந்த தண்ணீரை மட்டும் கால்வாயில் பம்ப் செய்யாதீர்கள்.

சோலாரைவிட, கடைசியாக எப்போது அடிப்பக்கம் பிளாக்கிங் (துருப்பிடிக்காமல் காக்கும் கறுப்புப் பூச்சு) அடித்தார்கள் என்று விசாரியுங்கள். மூன்று வருடம் தாண்டியிருந்தால் பணம் முதலில் அங்கேதான் போக வேண்டும்.