மதில் தூணில் 'பெத்தேல்'

கேள்வி: எங்கள் வீட்டுக்கு அப்பு வைத்த பெயர் 'பெத்தேல்'. மதில் புதிதாகக் கட்டுகிறோம். தூணில் பதிக்கும் கருங்கல்லில் எபிரேய எழுத்திலும் பெயரை வெட்ட ஆசை. எப்படி எழுதுவது? அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?
— வாசகர், மானிப்பாய்

பதில்: 'பெத்' என்றால் வீடு, 'ஏல்' என்றால் கடவுள். கல்லைத் தலையணையாக வைத்துத் தூங்கிய யாக்கோபு, ஏணிக் கனவு கண்டு எழுந்து, லூஸ் என்ற ஊருக்கு இட்ட பெயர் இது (ஆதியாகமம் 28:19). ஆனால் 12:8இல் ஆபிராம் கூடாரம் போடும்போதே அந்தப் பெயர் வந்துவிடுகிறது. எழுதியவர் தம் காலத்துப் பெயரைக் கையாண்டிருக்கிறார்.

பெயருக்கு மறுபக்கமும் உண்டு. இஸ்ரவேல் அரசன் யெரொபெயாம் அங்கே வழிபாட்டுக்குப் பொற்கன்றுக்குட்டி வைத்தான். அதனால் தீர்க்கதரிசி ஓசியா அந்த ஊரைப் 'பெத்தாவேன்', அதாவது அக்கிரமத்தின் வீடு, என்று இடித்துரைத்தார் (4:15). யூதா அரசன் யோசியா அங்கிருந்த பலிபீடத்தை இடித்தான். யாக்கோபு 'வீடு' என்றது எருசலேம் ஆலயம் நின்ற மலையையே என்று யூதர்களின் விளக்க நூலான தல்மூத் பொருள் கொள்கிறது.

இன்றைய ரமல்லாவுக்கு வடகிழக்கிலுள்ள பெய்த்தீன்தான் அந்த ஊர் என 1838இல் அமெரிக்க வேதாகம அறிஞர் எட்வர்ட் ராபின்சனும் மிஷனரி எலி ஸ்மித்தும் அடையாளம் கண்டனர். அரபுப் பேச்சில் கடைசி 'ல்' 'ன்' ஆகியிருக்கிறது. (ஸ்மித்தை அனுப்பிய அமெரிக்க மிஷன் சங்கமே 1823இல் வட்டுக்கோட்டை செமினரியையும் தொடங்கியது.)

இனி எழுத்து. வலமிருந்து இடமாக: பேத், யோட், தௌ, சிறு இடைவெளி, ஆலெப், லாமேட். 119ஆம் சங்கீதத்தின் தலைப்புகளில் பார்த்த அதே பெயர்கள்தான். உயிரொலியைக் காட்டும் புள்ளிகள் தேவையில்லை; கல்லில் பொடிந்துபோகும்.

பிழை வருவது பெரும்பாலும் கணினியில். வலமிருந்து எழுதத் தெரியாத மென்பொருள் எழுத்து வரிசையைத் தலைகீழாக்கிவிடும். ஆகவே எழுத்தாக அனுப்பாமல் படமாகக் கொடுங்கள். பேத்தின் கீழ் வலமூலை கூராக வெளியே நீள வேண்டும். வளைந்தால் அது கப் என்ற வேறு எழுத்து. தௌவின் இடதுகாலில் சிறு பாதம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேத் என்ற எழுத்து ஆகிவிடும்.

எபிரேயம் தெரியாதவரும் பார்க்கக்கூடிய சோதனை ஒன்று: வரிக்கு மேலே தலை நீட்டும் ஒரே எழுத்து லாமேட், அது இடது ஓரத்தில் நிற்க வேண்டும். வலப்பக்கம் நின்றால் தாள் புரண்டுவிட்டது, இல்லையேல் வரிசை மாறிவிட்டது. உளியை எடுக்க விடாதீர்கள்.