பின்னிருக்கைத் துணையுடன் வெளிநாட்டில் சில நாள் பைக் பயணம்: எப்படித் திட்டமிடுவது?

நான்கைந்து நாள் விடுமுறையில், பின்னால் ஒருவரை அமர்த்திக்கொண்டு வெளிநாட்டில் பைக் ஓட்ட எங்கிருந்து திட்டமிடத் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பின்னால் அமர்பவரின் வசதியிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் பதில். ஓட்டுபவர் கைப்பிடியைப் பற்றியிருக்கிறார், சாலையும் அவர் கண்முன் விரிகிறது. பின்னால் இருப்பவரோ, அடுத்த பிரேக் எப்போது விழும் என்று அறியாமல், முழங்கால் மடங்கிய நிலையிலேயே மணிக்கணக்கில் அமர்ந்திருக்கிறார். ஆகவே, தனியாக ஒரு நாளில் 400 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர்கூட, இருவராகச் செல்லும்போது 250 கிலோமீட்டருக்குள் நிறுத்திக்கொண்டு, மணிக்கொரு முறை இறங்கிக் கால் நீட்டிக்கொள்வது நல்லது.

வாடகை வண்டியானாலும், பெட்டிகளை ஏற்றி இருவரும் அமர்ந்து சிறிது தூரம் ஓட்டிப் பார்த்த பிறகே நெடுஞ்சாலைக்குச் செல்லுங்கள். பின்பக்க சஸ்பென்ஷனின் பிரீலோடை, அதாவது அதிர்வைத் தாங்கும் சுருள்வில்லை முன்கூட்டியே அழுத்திவைக்கும் அளவைக் கூட்டாமல் விட்டால், வண்டியின் பின்புறம் அமிழ்ந்து, முன்சக்கரத்தின் பிடிமானம் குறைந்து, வளைவுகளில் வண்டி வெளிப்பக்கமாக விலகப் பார்க்கும். இரவில் முகப்பு விளக்கின் ஒளியும் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். டயர் காற்றையும் இருவருக்கான அளவில் நிரப்புங்கள்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா, 1968 வியன்னா உடன்படிக்கைகளின்படி இரு வடிவங்களில் வழங்கப்படுகிறது. செல்லும் நாடு எதை ஏற்கிறது என்று பாருங்கள். அதில் மோட்டார் சைக்கிள் பிரிவுக்கும் முத்திரை இருக்க வேண்டும். கார் பிரிவு மட்டும் இருந்தால், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். பின்னிருக்கைப் பயணிக்கும் காப்பீடு பொருந்துமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.