வாசகர் கேள்வி – பதில்: கொரியாவில் குறையும் குழந்தைகள்

கேள்வி: தென் கொரிய அரசு குழந்தை பெறுவோருக்குப் பணம் கொடுத்தும் அங்கே பிறப்பு விகிதம் இவ்வளவு குறைந்திருப்பது ஏன்?
– வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: 1960களின் தொடக்கத்தில் ஒரு கொரியப் பெண் சராசரியாக ஆறு குழந்தைகள் பெற்றார். 1962இல் தொடங்கிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டமும் பெண்கல்வியும் நகர வாழ்க்கையும் சேர்ந்து, 1983 வாக்கிலேயே அந்தச் சராசரியை, மக்கள்தொகை குறையாமல் நிலைத்திருக்கத் தேவையான 2.1க்குக் கீழே இறக்கிவிட்டன. அதன் பிறகும் பிறப்பைக் குறைக்கும் கொள்கையை அரசு 1996 வரை கைவிடவில்லை. 2023இல் சராசரி 0.72, தலைநகர் சியோலில் 0.55. மறு ஆண்டு 0.75க்கு ஏறியது ஆறுதல்தான் என்றாலும், இறப்புகள் பிறப்புகளை மிஞ்சும் நிலை 2020 முதல் மாறவில்லை.

அங்கே திருமணத்துக்கு வெளியே பிறக்கும் குழந்தைகள் மிகக் குறைவு; 2023இல்கூட நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. ஆகவே திருமணம் தள்ளிப்போனால் பிறப்பும் தள்ளிப்போகிறது. திருமணத்துக்கோ வீடு வேண்டும். நம் ஊரில் வீட்டை ஒத்திக்குப் பிடிப்பதைப் போல, அங்கே ‘ஜோன்சே’ முறையில் வீட்டு மதிப்பில் பாதிக்கும் மேலான தொகையை உரிமையாளரிடம் கட்டிவிட்டு, மாத வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது திரும்பப் பெறுவார்கள். முப்பது வயதில் இருப்பவர் அத்தொகையைப் பெற்றோர் உதவியோ வங்கிக் கடனோ இல்லாமல் சியோலில் திரட்டுவது பெரும்பாலும் நடக்காத காரியம். பிள்ளை பிறந்தபின் ‘ஹாக்வோன்’ எனும் தனிப்பயிற்சிக் கூடங்களின் கட்டணம் காத்திருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட, பெண்கள்மீது விழும் சுமையையே நான் முதன்மைக் காரணமாகக் கருதுகிறேன். ஆண், பெண் ஊதிய இடைவெளி அங்கே ஏறத்தாழ 30 சதவீதம்; வளர்ந்த நாடுகளிலேயே இதுதான் மிக அதிகம். பிரசவத்துக்காக வேலையை விட்ட பெண் திரும்பி வரும்போது பழைய பதவியும் சம்பளமும் கிடைப்பது அரிது. ஊக்கத்தொகை இந்த இழப்பை ஈடு செய்யாது.

கேள்வி: அப்படியானால் வெளிநாட்டவரைக் குடியேற்றுவது தீர்வாகுமா? உள்ளூர்க்காரர்களின் வேலை பறிபோகாதா?
– வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: வேலை பறிபோகும் என்ற அச்சம் பெரிதும் பொருந்தாது. 2004இல் வந்த வேலை அனுமதித் திட்டப்படி, முதலாளி முதலில் கொரியர்களுக்கு வேலையை அறிவித்து, ஆள் கிடைக்காதபோதுதான் வெளிநாட்டவரை எடுக்க முடியும். நேபாளம், இலங்கை, கம்போடியா, வியட்நாம் முதலிய நாடுகளிலிருந்து வருவோர் சிறு ஆலைகளிலும் பண்ணைகளிலும் மீன்பிடிப் படகுகளிலும் உழைக்கிறார்கள்.

ஆனால் இதைக் குடியேற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் ஒரு தடவையில் தங்கக்கூடிய காலம் 4 ஆண்டுகள் 10 மாதங்கள். குடியுரிமை கோர வேண்டிய 5 ஆண்டுத் தொடர் வசிப்பு எட்டாதபடி அமைந்த கணக்கு அது. கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ அழைத்து வர முடியாது. விரும்பியபடி முதலாளியை மாற்றவும் முடியாது. 2020 டிசம்பரில் போச்சன் நகரின் காய்கறிப் பண்ணையொன்றில், பிளாஸ்டிக் பசுமைக்குடிலுக்குள் அமைத்த தங்குமிடத்தில், கடும் குளிரில் ஒரு கம்போடியப் பெண் தொழிலாளி இறந்து கிடந்தார். அத்தகைய கொட்டகைகளைத் தங்குமிடமாகக் காட்டும் முதலாளிகளுக்கு ஆள் எடுக்க அனுமதியில்லை என்று அரசு அதற்குப் பிறகே அறிவித்தது.

இதே நாடு, கிராமத்து ஆண்களை மணந்து வரும் வியட்நாம் பெண்கள் போன்ற வெளிநாட்டு மணத்துணைகளின் குடும்பங்களுக்கென்று 2008இலேயே தனிச் சட்டம் இயற்றி மொழிப் பயிற்சியும் உதவியும் அளித்தது. கொரியக் குழந்தைக்குத் தாயாக வருபவருக்கு இடம் உண்டு. உழைக்க வரும் தாய்க்குத் தன் குழந்தையோடு வாழ இடமில்லை. பிள்ளை பெறும் வயதில் உள்ள லட்சக்கணக்கானோரைக் குடும்பத்திலிருந்து பிரித்து வரவழைத்துக்கொண்டே பிறப்பு குறைகிறதே என்று வருந்துவது முரண்.

சில ஆண்டுகள் பணியாற்றி, மொழித் தேர்ச்சியும் போதிய வருமானமும் பெற்றவர்கள் குடும்பத்தை அழைத்து வர உதவும் திறன் தொழிலாளர் விசாவின் ஆண்டு ஒதுக்கீட்டை அரசு 2023இல் 35,000 ஆக உயர்த்தியது. சரியான திசையில் வைத்த அடி அது. அதோடு, முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமையும் வேலைக்கு வரும் வெளிநாட்டவர் எல்லோருக்கும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.