மனநல மாத்திரையால் ஆசை குறைந்து, மார்பு வீங்கினால் நிறுத்திவிடலாமா?

ரிஸ்பெரிடோன் ஆரம்பித்த பிறகு மார்பு வீங்கி வலிக்கிறது, மனைவியை நெருங்கவே தோன்றவில்லை, மாத்திரையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டும் இருக்காதீர்கள்.

நானும் அதே மாத்திரை சாப்பிட்டவன். பெங்களூரு அல்சூரில் வீடு. பனியன் உரசினாலே இடது மார்புக் காம்பின் அடியில் சுரீர் என்னும். தொட்டால் நெல்லிக்காய் போல ஒரு கட்டி. ராத்திரியில் அதைத் தடவிப் பார்த்தபடியே தூக்கம் போகும். டாக்டரிடம் போனால் அம்மா கூடவே உட்கார்ந்திருப்பார். தூக்கம் எப்படி, குரல் கேட்கிறதா என்ற கேள்வியோடு மருந்துச் சீட்டு கையில் வந்துவிடும். கடைசியில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினேன்: 'மார்பில் கட்டி. ஆசை இல்லை. விறைப்பு இல்லை.' அதைப் படித்த டாக்டர் நிமிர்ந்து, "அம்மா, ஸ்வல்பா ஹொரகடே இரி" என்றார், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று கன்னடத்தில். அம்மா எழுந்து வெளியே போனார். அதற்கு அப்புறம்தான் முழுசாகப் பேச முடிந்தது.

புரோலாக்டின் என்ற ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்காமல் பிடித்து வைப்பது மூளையில் உள்ள டோபமைன் என்ற ரசாயனம். ரிஸ்பெரிடோன் டோபமைனின் வேலையைத் தடுப்பதால் புரோலாக்டின் ஏறுகிறது, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இறங்குகிறது. உங்களுக்கு நடப்பதும் இதுவாக இருக்கலாம். சிலருக்குக் காம்பில் பால்கூடக் கசியும். வருஷக்கணக்கில் அப்படியே விட்டால் எலும்பும் பலமிழக்கும். இதில் உங்கள் ஆண்மையின் குற்றம் எதுவும் இல்லை.

ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தூங்கி எழுந்தவுடனே ரத்தம் கொடுக்காதீர்கள், அப்போது புரோலாக்டின் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். எனக்கு மெல்ல மெல்ல அரிபிப்ரசோல் என்ற வேறு மனநல மாத்திரைக்கு மாற்றினார்கள். வலி போனது, ஆசையும் திரும்பியது. சிலருக்கு டோஸைக் குறைத்தாலே போதும். நீங்களாக நிறுத்தினால் பழைய நோய் திரும்பி வரும் ஆபத்து பெரிது. கட்டி நாள்பட்டதென்றால் மாத்திரை மாற்றியும் முழுசாகக் கரையாமல் போகலாம், அதனால் தள்ளிப்போடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக இருந்தால் ஸ்கேனும் கேளுங்கள்.

மனச்சோர்வுக்குத் தரும் எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் கதை வேறு. அவற்றில் பெரும்பாலும் விந்து வெளியேறத் தாமதமாகும், ஆசையும் மங்கும். அதற்கும் மாற்று மாத்திரைகள் உண்டு.

லாட்ஜில் மாதம் ஒருநாள் வந்து உட்காரும் 'ஆண்மைக் குறைவு' வைத்தியர்களிடம் மட்டும் போகவே போகாதீர்கள். லேகியத்தில் என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாது. உங்கள் மனநல டாக்டரைப் பார்க்கும் அடுத்த தேதிவரை காத்திருக்க முடியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.